கம்ப்யூட்டரில் வீடு வரைவோம்

எல்லோரும் படிக்கும் தாள்

கோவிந்தாபுரம் ஓர் எல்லை ஊர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. கிழக்கே போனால் பொள்ளாச்சி. மேற்கே போனால் கொல்லங்கோடு. சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு.

இங்கே பல வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். சில தாள்களில் ஆங்கிலம். எந்த மொழியில் எழுதுவது, எந்த மொழியில் படிப்பது என்று குழப்பம் வருவது உண்டு.

ஆனால் ஒரு தாளை எல்லோரும் ஒரே மாதிரி படிக்கலாம். தமிழ்க் கொத்தனாரும் படிக்கலாம். மலையாளி ஓவர்சியரும் படிக்கலாம். அந்தத் தாள்தான் வீட்டு பிளான். அதில் இருப்பவை கோடுகளும் எண்களும். கோட்டுக்கு மாநில எல்லை கிடையாது.

முன்பு பிளானைக் கையால் வரைந்தார்கள். இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். ஆட்டோகேட் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் பல கடைப் பலகைகளில் அந்தப் பெயர் இருக்கும். அது என்ன? அதை யார் கற்கலாம்? கற்றால் நமக்கு என்ன பயன்? பார்ப்போம்.

பிளான் என்றால் என்ன?

ஒரு வீட்டின் கூரையைத் தூக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் உயரத்தில் சுவரையும் குறுக்கே வெட்டிவிட்டோம். இப்போது மேலே நின்று கீழே பார்க்கிறோம். என்ன தெரியும்? சுவர்களின் தடிமன் தெரியும். அறைகள் தெரியும். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று தெரியும். இதை அப்படியே தாளில் வரைந்தால் அதுதான் பிளான்.

வீட்டுக்கு எதிரே நின்று பார்ப்பதை வரைந்தால் அது முகப்புத் தோற்றம். பப்பாளியை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தால் உள்ளே இருப்பது தெரியும் அல்லவா? அதுபோல வீட்டைப் பிளந்து பார்ப்பதாக நினைத்து வரைவது வெட்டுத் தோற்றம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கூரை எவ்வளவு உயரம் என்பதை அது காட்டும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் வீடு முழுவதும் தாளில் வந்துவிடும்.

பெரிய வீடு, சிறிய தாள்

வீடு பெரியது. தாள் சிறியது. அதனால் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்து வரைகிறார்கள். பிளானின் கீழே 1:100 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 சென்டிமீட்டர். அதாவது 1 மீட்டர். 1:50 என்று இருந்தால், தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 மீட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளானை ஜெராக்ஸ் எடுக்கும்போது படம் சற்றுச் சுருங்கலாம். அப்போது ஸ்கேல் வைத்து அளந்தால் தவறாகும். எனவே தாளில் எழுதியுள்ள எண்ணையே நம்ப வேண்டும். எண் எழுதாத இடம் இருந்தால், எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

அடியும் மீட்டரும்

நாம் அடிக்கணக்கில் பேசுகிறோம். பிளானில் பெரும்பாலும் மீட்டர் இருக்கும். 1 மீட்டர் என்பது 3 அடி 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம். 3 மீட்டர் அறையைப் பலர் 9 அடி அறை என்று நினைக்கிறார்கள். அது தவறு. 3 மீட்டர் என்பது ஏறக்குறைய 9 அடி 10 அங்குலம். 10 அங்குலம் சிறிய வேறுபாடு அல்ல. ஒரு சுவரின் தடிமனே 9 அங்குலம்தான்.

உள்ளளவா, வெளியளவா?

வீடு கட்டுவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓர் அறை 10 அடிக்கு 10 அடி என்று சொல்கிறார்கள். 100 சதுர அடி என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அது வெளியளவாக இருந்தால்?

சுவர் 9 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 18 அங்குலம். அதாவது ஒன்றரை அடி. 10 அடியில் ஒன்றரை அடி போனால் மீதி எட்டரை அடி. அறையின் உள்ளே எட்டரைக்கு எட்டரைதான் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள். 72 சதுர அடிக்குச் சற்று அதிகம். கிட்டத்தட்ட 28 சதுர அடியைச் சுவர் எடுத்துக்கொண்டது. ஒரு கட்டில் போடும் இடம் அது!

இது யாருடைய குற்றமும் அல்ல. சுவருக்கு இடம் வேண்டும். ஆனால் கட்டிய பிறகு தெரிவதைவிட, கட்டும் முன்பே தெரிவது நல்லது. தாளில் கோட்டை அழிப்பது எளிது. கட்டிய சுவரை இடிப்பது கடினம். கடன் வாங்கி, வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டும் குடும்பத்துக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

மத்திய அரசின் பிரதமர் கிராம வீட்டு வசதித் திட்டம் 2016-இல் தொடங்கியது. அதில் வீட்டின் குறைந்த பரப்பு 25 சதுர மீட்டர். சமையல் செய்யும் இடமும் அதில் சேர்ந்தது. 25 சதுர மீட்டர் என்றால் சுமார் 269 சதுர அடி. இவ்வளவு சிறிய வீட்டில் ஒவ்வோர் அடியும் முக்கியம். பிளான் படிக்கத் தெரிந்தவர் அந்த அடியைக் காப்பாற்றிக்கொள்வார்.

கையால் வரைந்த காலம்

முன்பு வரைவாளரின் மேசை பெரியதாக இருக்கும். அதன் மேல் வரைபலகை. பலகையில் டி வடிவ மட்டம், முக்கோண மட்டம், காம்பஸ். முதலில் பென்சிலில் வரைவார்கள். பிறகு மேலே மெல்லிய டிரேசிங் தாளை வைத்து மையில் வரைவார்கள். ஒரு கோடு தவறினால் பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். கை சற்று அழுந்தினால் தாள் கிழியும். ஒரு சுவரை ஓர் அடி நகர்த்த வேண்டுமா? பல நேரங்களில் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியதுதான்.

படி எடுப்பதற்கும் தனி முறை இருந்தது. நீல நிறத் தாளில் வெள்ளைக் கோடுகள் தெரியும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்த முறை அது. அதனால்தான் பிளானுக்குப் "புளூபிரிண்ட்" என்ற பெயர் வந்தது. நீலத் தாள் போய்விட்டது. பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வரைய வந்தது

1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் ஒரு புதுமை செய்தார். கம்ப்யூட்டர் திரையில், ஒளிப் பேனா ஒன்றைக் கொண்டு நேராகக் கோடு வரைந்து காட்டினார். தம் கண்டுபிடிப்புக்கு "ஸ்கெட்ச்பேட்" என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் மிகப் பெரியது. விலையும் மிக அதிகம். சாதாரண மக்கள் அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

1982-இல் அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் என்ற மென்பொருளை வெளியிட்டது. மென்பொருள் என்றால் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லித் தரும் கட்டளைத் தொகுப்பு. ஆட்டோகேட் சிறிய மேசைக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்தது. அதனால் சிறிய அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் வரைபடம் வந்து சேர்ந்தது.

வீடு மட்டும் அல்ல. கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் நூற்பாலை இயந்திரங்களும் செய்கிறார்கள். அவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் வரைபடம் வேண்டும். வீட்டை மீட்டரில் அளந்தால், இயந்திரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். வரையும் முறை ஒன்றுதான்.

கிணற்றடியில் இருந்து தொடங்குவோம்

கம்ப்யூட்டருக்கு ஓர் இடத்தை எப்படிக் காட்டுவது? விரலால் "அதோ அங்கே" என்று காட்டினால் அதற்குப் புரியாது. எண்ணால் சொல்ல வேண்டும்.

தென்னை நடுவதை நினைத்துப் பாருங்கள். கிணற்றடியில் நிற்கிறோம். "கிழக்கே 25 அடி போ. அங்கிருந்து வடக்கே 50 அடி போ. அங்கே ஒரு குழி எடு" என்று சொல்கிறோம். குழி எடுப்பவர் சரியான இடத்துக்குப் போய்விடுவார். இரண்டே எண்கள். ஒன்று கிழக்கே எவ்வளவு. மற்றது வடக்கே எவ்வளவு.

கம்ப்யூட்டரிலும் இதே கணக்குத்தான். கிணற்றடிக்கு 0,0 என்று பெயர். தென்னங்குழிக்கு 25,50 என்று பெயர். முதல் எண் வலப்பக்கம் போகும் தூரம். இரண்டாம் எண் மேல்பக்கம் போகும் தூரம். இது புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஓர் அறை வரைவோம்

உள்ளளவு 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள ஓர் அறையை வரைவோம். கம்ப்யூட்டரில் 1 என்றால் 1 மீட்டர் என்று முடிவு செய்துகொள்கிறோம்.

இங்கே புதிதாகக் கற்போர் தடுமாறுவார்கள். "திரை ஓர் அடிதான் இருக்கிறது. 4 மீட்டர் அறையை எப்படி வரைவது? சுருக்கி வரைய வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். கம்ப்யூட்டரில் உண்மையான அளவிலேயே வரைய வேண்டும். தாளில் அச்சிடும்போதுதான் சுருக்க வேண்டும். திரையில் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கலாம். அதனால் அளவு மாறாது. மாமரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் சிறியதாகத் தெரியும். அதற்காக மரம் சிறியதாகி விடுமா?

முதல் படி: "ரெக்டேங்கிள்" என்ற கட்டளையைக் கொடுக்கிறோம். நீள்சதுரம் என்று பொருள். முதல் மூலை எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்கும். 0,0 என்று தட்டுகிறோம். எதிர் மூலை எங்கே என்று கேட்கும். 4,3 என்று தட்டுகிறோம். அறையின் உள் விளிம்பு திரையில் வந்துவிட்டது.

இரண்டாம் படி: சுவருக்குத் தடிமன் வேண்டும். 9 அங்குலம் என்பது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். மீட்டரில் எழுதினால் 0.23. "ஆப்செட்" என்ற கட்டளை, இருக்கும் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு போடும். 0.23 என்று தட்டி, அறையைத் தொட்டு, வெளிப்பக்கம் காட்டுகிறோம். வெளி விளிம்பும் வந்துவிட்டது. இப்போது நான்கு பக்கமும் சுவர் எழுந்துவிட்டது.

மூன்றாம் படி: வாசல். "லைன்" என்ற கட்டளையால் சுவரின் குறுக்கே இரண்டு சிறு கோடுகள் போடுகிறோம். இரண்டுக்கும் இடைவெளி 1 மீட்டர். நடுவில் உள்ள சுவர்க் கோடுகளை "டிரிம்" என்ற கட்டளையால் நறுக்குகிறோம். கத்தரிக்கோலால் நூலை வெட்டுவது போல. வாசல் திறந்துவிட்டது.

நான்காம் படி: "டைமென்ஷன்" என்ற கட்டளையால் நீளம், அகலம், வாசல் அளவு எல்லாவற்றையும் படத்திலேயே எழுதுகிறோம். எண்ணை நாம் எழுத வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே அளந்து எழுதும்.

ஐந்தாம் படி: "சேவ்" செய்கிறோம். அதாவது பத்திரப்படுத்துகிறோம். இதை அடிக்கடி செய்ய வேண்டும். மின்சாரம் போனால் பத்திரப்படுத்தாத வேலை போய்விடலாம்.

பிறகு 1:50 என்று அச்சிட்டால், 4 மீட்டர் சுவர் தாளில் 8 சென்டிமீட்டராக வரும்.

தவறாகக் கோடு போட்டுவிட்டால்? பயம் வேண்டாம். "அன்டூ" என்ற கட்டளை கடைசியாகச் செய்ததை நீக்கிவிடும். பிளேடு தேவையில்லை. தாளும் கிழியாது. இதே அளவில் இன்னோர் அறை வேண்டுமா? "காப்பி" என்ற கட்டளை இருக்கிறது.

கண்ணாடித் தாள்கள்

வீட்டில் சுவர் இருக்கிறது. மின்கம்பி ஓடுகிறது. தண்ணீர்க் குழாய் போகிறது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்தால் நூல் சிக்கியது போல ஆகிவிடும்.

இதற்கு "லேயர்" என்ற வழி உண்டு. கண்ணாடி போன்ற தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக நினையுங்கள். ஒன்றில் சுவர். ஒன்றில் மின்கம்பி. ஒன்றில் குழாய். எலக்ட்ரீஷியனுக்குச் சுவரும் கம்பியும் போதும். குழாய்த் தாளை மறைத்துவிட்டு அச்சிட்டுத் தரலாம். ஒரே படம் பலருக்குப் பயன்படுகிறது.

கம்ப்யூட்டர் கணக்கும் கொத்தனார் கணக்கும்

நாம் வரைந்த அறைக்கு வருவோம். உள்ளே 4 பெருக்கல் 3, 12 சதுர மீட்டர். அதாவது சுமார் 129 சதுர அடி. வெளி விளிம்பு 4.46 மீட்டர், 3.46 மீட்டர். பரப்பு 15.43 சதுர மீட்டர். சுமார் 166 சதுர அடி. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் 37 சதுர அடி வேறுபாடு. "ஏரியா" என்ற கட்டளை இதை உடனே சொல்லிவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். இந்த அறையின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தால் சரியாக 5 மீட்டர் வரும். 3, 4, 5. இந்த எண்கள் கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைப்பார்கள். இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி. வராவிட்டால் மூலை கோணல். பள்ளிக்கூடம் போகாத கொத்தனாரும் இதைச் சரியாகச் செய்வார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கைத்தான் கம்ப்யூட்டரும் செய்கிறது.

ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாதவையும் உண்டு. 3 என்று தட்ட வேண்டிய இடத்தில் 30 என்று தட்டினால், 30 மீட்டர் சுவரை அது வரைந்து தரும். "இவ்வளவு பெரிய சுவரா?" என்று கேட்காது. மனை சரியான சதுரமா, கோணலா என்பது அதற்குத் தெரியாது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், பாட்டியால் எத்தனை படி ஏற முடியும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இவை அந்த வீட்டில் வாழப் போகிறவருக்குத்தான் தெரியும். எனவே பிளான் வரையும்போது வீட்டுப் பெண்களும் முதியவர்களும் அருகில் உட்கார்ந்து பேச வேண்டும். அடுப்பு எங்கே, துணி துவைப்பது எங்கே என்று சொல்ல வேண்டும். திரையில் சுவரை நகர்த்தச் செலவு இல்லை.

எங்கே கற்கலாம்?

முழு வரைவாளராக வேலை செய்ய முறையான படிப்பு வேண்டும். ஐ.டி.ஐ.-களில் "டிராப்ட்ஸ்மேன் சிவில்" என்ற தொழிற்பிரிவு இருக்கிறது. கட்டட வரைவாளர் என்று பொருள். 2 ஆண்டுப் படிப்பு. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இயந்திர வரைவாளருக்குத் தனிப் பிரிவு உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் மலம்புழாவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. எந்த ஆண்டு எந்தப் பிரிவில் இடம் உண்டு என்பதை நேரில் கேட்டுச் சேர வேண்டும்.

10-ஆம் வகுப்பு படிக்காதவர்களுக்கும் வழி உண்டு. கேரள எழுத்தறிவு இயக்கம், அதாவது சாட்சரதா மிஷன், 4, 7, 10-ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகளை நடத்துகிறது. வயது வந்தவர்கள் இந்தப் படிகளில் ஏறலாம்.

கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகத் தயங்க வேண்டாம். 2002-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அட்சயா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் பழக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே வயதானவர்களும் வந்து மவுஸைப் பிடித்துப் பழகினார்கள்.

ஆட்டோகேட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். லிப்ரேகேட், ஃபிரீகேட் போன்ற மென்பொருள்கள் இலவசம். கட்டளைகளின் பெயர் சற்று மாறலாம். முறை ஒன்றுதான். ஆங்கிலம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் ஓர் அறை வரைந்துவிடலாம்.

பிளான் கையில் வந்தால்

எல்லோரும் வரைவாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் பிளான் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டு பிளான் கையில் வந்தால் இவற்றைக் கேளுங்கள்.

1. அளவு அடியிலா, மீட்டரிலா?
2. எழுதியிருப்பது உள்ளளவா, வெளியளவா?
3. வடக்கு எந்தப் பக்கம்?
4. வாசல், ஜன்னல் அளவு என்ன? கட்டிலும் பீரோவும் உள்ளே போகுமா?
5. இதுதான் கடைசியாகத் திருத்திய பிளானா? தேதி என்ன? யார் கையெழுத்து?

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வீடு உங்களுடையது. பணமும் உங்களுடையது.

செய்து பாருங்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுங்கள். ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் அறையை டேப்பால் அளந்து வரையுங்கள். சுவர், வாசல், ஜன்னல் எல்லாம் காட்டுங்கள். குறுக்களவு இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்கிறதா? இல்லாவிட்டால் காரணம் என்ன? பக்கத்து வீட்டாருடன் பேசுங்கள்.

எழுத்தைப் படிக்கக் கற்றோம். இனிக் கோட்டையும் படிக்கக் கற்போம்.